கொன்ற கிருமி மாட்டைக் காக்கும்: கோமாரித் தடுப்பூசி பற்றி ஒரு பாடம்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்தால் வருவது திருமழிசை. ஆழ்வார் அவதரித்த தலம் என்று பெயர் பெற்ற இவ்வூரைச் சுற்றி இன்று தொழிற்பேட்டையும் வீட்டு மனைகளும் பெருகிவிட்டன. மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. ஆயினும் இரண்டு மூன்று கறவை மாடுகளை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துகிற சிறு விவசாயிகள் இவ்வட்டாரத்தில் இன்றும் உண்டு. அவர்களுக்கு மாடுதான் முதல், மாடுதான் வட்டி.

ஆண்டுக்கு இருமுறை கால்நடைத் துறையினர் ஊர் ஊராக வந்து கோமாரித் தடுப்பூசி போடுகிறார்கள். காசு வாங்குவதில்லை. இருந்தும் எல்லா ஊரிலும் சிலர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறார்கள். "போன தடவை ஊசி போட்டார்கள், மூன்று நாள் பால் குறைந்தது", "கழுத்தில் கட்டி வந்தது", "கிருமியைத்தானே உள்ளே ஏற்றுகிறார்கள், அதனால்தான் நோய் வருகிறது" என்பவை அவர்கள் கூறும் காரணங்கள். இவற்றில் சில உண்மை, சில உண்மையல்ல. எது எது என்று தெரிந்துகொள்ள, அந்தச் சிறு புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். இந்த வாரப் பாடம் அதைப் பற்றியது.

நோயைப் பற்றி

கோமாரியை அறியாத மாட்டுக்காரர் இல்லை. காய்ச்சல் 104 முதல் 106 டிகிரி வரை ஏறும். மாடு தீனி எடுக்காது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வழியும். நாக்கைச் சப்புக் கொட்டும். நாக்கு, ஈறு, குளம்பிடுக்கு, மடிக்காம்பு ஆகிய இடங்களில் நீர்க் கொப்புளம் தோன்றி உடைந்து புண்ணாகும். மாடு நொண்டும். பால் சட்டென்று வற்றும்.

வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இளங்கன்றுகளின் இதயத் தசையை இக்கிருமி தாக்குவதால், கொப்புளம் எதுவும் தெரியாமலே கன்று சட்டென்று விழுந்து மடிவது உண்டு. பிழைத்த கறவை மாடும் பழைய மாடாக இருப்பதில்லை. வெயில் தாங்காமல் மூச்சு வாங்கும். மயிர் நீண்டு வளரும். சினை பிடிப்பது தள்ளிப்போகும். மடிநோய் எளிதில் தொற்றும். நாட்டு மாட்டைவிடக் கலப்பின மாட்டுக்குப் பாதிப்பு அதிகம். 2013-ம் ஆண்டு கர்நாடகத்திலும், தமிழ்நாட்டில் காவிரிப் பாசன மாவட்டங்கள் உட்படப் பல இடங்களிலும் கோமாரி பரவி ஏராளமான மாடுகள் மாண்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. 1898-ம் ஆண்டு ஜெர்மனியில் லோஃப்ளர், ஃபிராஷ் என்ற இரு விஞ்ஞானிகள், நோயுற்ற மாட்டின் கொப்புள நீரை, சாதாரண நுண்ணுயிர்கள் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தார்கள். வடிந்த தெளிநீரைக் கன்றுக்குச் செலுத்தியபோதும் நோய் வந்தது. விலங்குகளுக்கு வரும் நோய்களில், வைரஸால் வருவது என்று முதன்முதல் காட்டப்பட்டது கோமாரிதான்.

வைரஸ் மிக எளிய அமைப்பு உடையது. வெளியே புரதத்தால் ஆன ஓர் ஓடு. உள்ளே "என்னைப் போல் இன்னும் பலவற்றைச் செய்" என்ற கட்டளையைத் தாங்கிய ஓர் இழை. இவ்வளவுதான். தானாக அது பெருக முடியாது. மாட்டின் உடல் அணுவுக்குள் புகுந்து, உள்ளிருக்கும் இழையை அவிழ்த்துவிட்டால், அந்த அணுவே ஆயிரக்கணக்கான கிருமிகளைச் செய்து கொடுத்துவிட்டு அழியும். ஓடு, இழை என்ற இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் தடுப்பூசியின் சூட்சுமம் முழுவதும் விளங்கிவிடும்.

வைக்கோல் கன்றும் கொன்ற கிருமியும்

கன்று இறந்துபோனால் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, பசுவின் முன் நிறுத்தினார்கள். பசு அதை நக்கிக் கொடுத்தது, மடி சுரந்தது. அந்தக் கன்றுக்கு உயிர் இல்லை, முட்டாது, குடிக்காது. ஆனால் வடிவும் வாசனையும் இருந்தன. பசுவின் உடல் அவற்றுக்குப் பதில் கொடுத்தது.

கோமாரித் தடுப்பூசியில் இருப்பதும் அப்படி ஒரு வைக்கோல் கன்றுதான். கோமாரிக் கிருமியை எடுத்து, உள்ளே இருக்கும் கட்டளை இழையை மட்டும் ஒரு ரசாயனத்தால் பாழாக்கி விடுகிறார்கள். வெளி ஓடு சிதையாமல் அப்படியே இருக்கிறது. இழை பாழானதால் இக்கிருமி மாட்டின் உடலில் ஒன்று இரண்டாகக்கூடப் பெருக முடியாது. பெருகாத கிருமியால் நோய் உண்டாக்க முடியாது. ஆனால் மாட்டின் ரத்தத்தில் காவல் காக்கும் வெள்ளை அணுக்கள் கிருமியை அடையாளம் காண்பது அதன் வெளி ஓட்டைக் கொண்டுதான். ஓட்டைக் கண்டதும் "அந்நியன் புகுந்துவிட்டான்" என்று அவை விழித்துக்கொள்கின்றன. அந்த ஓட்டில் மட்டும் போய்ப் பொருந்திக்கொள்ளும் எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து ரத்தத்தில் விடுகின்றன. பின்னர் உண்மையான கிருமி வரும்போது, அது உடல் அணுவுக்குள் நுழையுமுன் எதிர்ப்புப் பொருள் அதைச் சூழ்ந்து முடக்கிவிடுகிறது.

"கிருமியைத்தானே ஏற்றுகிறார்கள்" என்ற ஐயத்துக்கு விடை இது. ஆம், கிருமிதான். ஆனால் பெருக முடியாதபடி மாற்றப்பட்ட கிருமி.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

1930-களில் ஜெர்மனியில் வால்ட்மன் குழுவினர், நோய் உண்டாக்கப்பட்ட மாடுகளின் நாக்குக் கொப்புளத்திலிருந்து கிருமியைச் சேகரித்து, பார்மலின் கொண்டு கொன்று, அலுமினியக் கூழுடன் கலந்து ஊசி மருந்து செய்தார்கள். பின்னர் ஹாலந்தில் ஃபிரெங்கல் என்பவர், இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும் மாட்டு நாக்கின் தோலைக் கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்து, அதில் கிருமியை வளர்க்கும் முறையைக் கண்டார். 1960-களில் வெள்ளெலி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பிராணியின் சிறுநீரக அணுக்களைப் பெரும் தொட்டிகளில் வளர்த்து, அவற்றில் கிருமியைப் பெருக்கும் முறை வந்தது. இன்றும் இதுவே பெருவழக்கு.

பழைய பார்மலின் முறையில் ஒரு குறை இருந்தது. சில சமயம் ஓரிரு கிருமிகள் சாகாமல் தப்பிவிடும். ஐரோப்பாவில் அக்காலத்தில் ஏற்பட்ட சில கோமாரிப் பரவல்களுக்கு, சரியாகக் கொல்லப்படாத மருந்தே காரணம் என்று பின்னர் ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆகவே "ஊசியால் நோய் வரும்" என்ற பழைய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல. ஆனால் 1970-களுக்குப் பின் பைனரி எத்திலினிமின் என்ற வேறொரு ரசாயனம் வழக்கத்துக்கு வந்தது. இது இழையைத் தேடித் தாக்குகிறது; ஓட்டைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கொல்லும் வேலை முடிந்தபின், உயிருள்ள கிருமி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று அணு வளர்ப்பில் சோதித்துப் பார்த்த பிறகே மருந்து புட்டியில் அடைக்கப்படுகிறது.

இறுதியாக மருந்தில் எண்ணெய் கலக்கிறார்கள். வெறும் ஓட்டை மட்டும் செலுத்தினால் உடல் அதை விரைவில் கழித்துவிடும். எண்ணெயில் கலந்து செலுத்தினால், ஊசி போட்ட இடத்திலேயே தங்கிச் சிறிது சிறிதாகக் கசியும். வெள்ளை அணுக்கள் அங்கே கூடும். கழுத்தில் தோன்றும் சிறு வீக்கம் பெரும்பாலும் இதனால் வருவதே.

நம் நாட்டில் இம்மருந்தை விவசாயிகளுக்குக் கட்டுப்படியாகும் வகையில் தயாரிக்க வேண்டும் என்பதற்காக, தேசியப் பால்வள வாரியம் 1980-களின் தொடக்கத்தில் ஐதராபாத்தில் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனத்தை ஏற்படுத்தியது. நம் மாநிலத்துக்கும் இத்துறையில் பழம் பெருமை உண்டு. திருமழிசை வழியாகச் செல்லும் அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால், வாலாஜாபேட்டையை அடுத்து இராணிப்பேட்டை. அங்குள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-ம் ஆண்டு முதல் கால்நடை, கோழிகளுக்கான பல தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வருகிறது.

மனிதருக்கும் இதே வழிதான்

கொன்ற கிருமியை ஊசியில் போடுவது மாட்டுக்கு மட்டும் உரியதல்ல. முன்பெல்லாம் வெறிநாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டது முதியோர்க்கு நினைவிருக்கும். அது ஆட்டு மூளையில் வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் கொல்லப்பட்ட வெறிநோய்க் கிருமி. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் வெறிநோய்த் தடுப்பு மருந்துக்குப் பெயர் பெற்றது. இப்போது மூளைச் சத்து மருந்து கைவிடப்பட்டு, அணு வளர்ப்பில் பெருக்கிக் கொன்ற கிருமியே கையில் ஊசியாகப் போடப்படுகிறது.

2020-ம் ஆண்டு மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு காய்கறிச் சந்தை மூடப்பட்டு, தற்காலிகச் சந்தை திருமழிசையில் அமைக்கப்பட்டது. லாரிகளும் கூட்டமும் இங்கு வந்து இறங்கின. ஒரு வைரஸ் எப்படி ஒரு பெரிய சந்தையையே இடம் பெயர்க்கும் என்பதை இவ்வட்டாரத்தார் கண்ணால் கண்டார்கள். அடுத்த ஆண்டு நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவாக்சின், கொரோனாக் கிருமியை வளர்த்து, ரசாயனத்தால் கொன்று, துணைப்பொருள் சேர்த்துச் செய்தது. அதற்கும் இரண்டு தவணை. போட்ட மறுநாள் நமக்கும் கை வலித்தது, சிலருக்கு உடம்பு காய்ந்தது. மாட்டுக்கும் அதே கதைதான். நம்மால் சொல்ல முடிந்தது. மாடு பாலைக் குறைத்துச் சொல்கிறது.

உயிருள்ள ஊசி, கொன்ற ஊசி

எல்லாத் தடுப்பூசியும் கொன்ற கிருமி அல்ல. சிலவற்றில் கிருமி உயிரோடு இருக்கும். ஆனால் வீரியம் குறைக்கப்பட்டிருக்கும். கோழிக்கு 8 வாரத்தில் இறக்கைப் பக்கம் போடும் வெள்ளைக்கழிச்சல் ஊசி, ஆட்டுக்குப் போடும் ஆட்டுக்கொல்லி நோய் ஊசி ஆகியவை உயிருள்ள வகை. மாடுகளைக் கூட்டம் கூட்டமாக மாய்த்த வெக்கை நோயை ஒழித்ததும் உயிருள்ள வகையே. அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று 2011-ல் அறிவிக்கப்பட்டது.

உயிருள்ள கிருமி உடலில் சிறிது பெருகும். ஆகவே பாடம் ஆழமாகப் பதியும், எதிர்ப்புச் சக்தி நெடுநாள் நிற்கும். கொன்ற கிருமி பெருகாது. ஆகவே பாதுகாப்பு மிகுதி, ஆனால் எதிர்ப்புச் சக்தி விரைவில் தேயும். "அப்படியானால் கோமாரிக்கும் உயிருள்ள ஊசி செய்யலாமே" என்று கேட்கலாம். முயன்று பார்த்தார்கள். மாட்டுக்கு அடங்கிய கிருமி பன்றிக்கு அடங்கவில்லை. கோமாரிக் கிருமி அடிக்கடி உருமாறும் இயல்பும் உடையது; அடக்கி வைத்த வீரியம் திரும்பிவிடலாம். ஆகவேதான் உலகெங்கும் கொன்ற கிருமியையே நம்புகிறார்கள்.

ஏன் இரண்டு ஊசி? ஏன் 6 மாதம்?

முதன்முறை ஊசி போடும் கன்றின் உடல் அந்த ஓட்டை முன்பின் பார்த்ததில்லை. எதிர்ப்புப் பொருள் மெதுவாகவும் குறைவாகவும் உண்டாகி, விரைவில் இறங்கிவிடும். ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசி போட்டால், முன்பே பழகிய அணுக்கள் பன்மடங்கு வேகத்தில் எழுந்து நிற்கும். முதல் ஊசி உழவு. இரண்டாவது ஊசியே விதைப்பு. உழுதுவிட்டு விதைக்காமல் அறுவடையை எதிர்பார்ப்பதில் பொருள் இல்லை.

அதன்பின் சுமார் 6 மாதத்தில் எதிர்ப்புச் சக்தி தேய்ந்துவிடும். எனவே 6 மாதத்துக்கு ஒருமுறை ஊசி அவசியம். ஒரு சுற்று தவறினால் அடுத்த சுற்று வரை மாடு காவலின்றி நிற்கிறது என்று பொருள். "போன வருடம் போட்டேனே" என்பது கோமாரியைப் பொறுத்தவரை போடாததற்குச் சமம்.

கன்றுக்கு ஏன் பிறந்த உடனே போடுவதில்லை? ஊசி போட்ட தாயின் சீம்பாலில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. அது கன்றைச் சில மாதங்கள் காக்கும். அது கன்றின் ரத்தத்தில் இருக்கும்போது ஊசி போட்டால், மருந்திலுள்ள ஓட்டை அதுவே முடக்கிவிடும், ஊசி வீணாகும். ஆகவே 4-வது மாதத்தில் தொடங்குகிறார்கள். கன்று பிறந்த ஓரிரு மணிக்குள் சீம்பால் ஊட்டவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊசி போட்டும் நோய் வந்தது ஏன்?

இக்கேள்வி நியாயமானது. காரணங்கள் பல:

1. நேரம் போதாமை. ஊசி போட்ட அன்றே காவல் கிடைத்துவிடாது. எதிர்ப்புச் சக்தி உருவாகத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேலாகும். நன்கு நிலைபெற 3, 4 வாரம் ஆகும். கோமாரிக் கிருமி உடலில் புகுந்து 2 முதல் 14 நாளில் நோய் வெளிப்படும். ஊசி போடும்போதே மாட்டின் உடலில் கிருமி இருந்தால், 4, 5 நாளில் நோய் தெரியும். பழி ஊசி மேல் விழும். உண்மையில் ஊசி தாமதமாக வந்தது.

2. குளிர் கெடுதல். மருந்து 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடில் இருக்க வேண்டும். வெயிலில் சூடேறினால் ஓடு நொறுங்கிவிடும். ஓடு நொறுங்கினால் வைக்கோல் கன்று வெறும் வைக்கோல் ஆகிவிடும். உறைந்து போனாலும் எண்ணெய்க் கலவை பிரிந்து கெடும்.

3. வகை வேறுபாடு. கோமாரிக் கிருமியில் 7 வகைகள் அறியப்பட்டுள்ளன. ஒன்றுக்கு எதிரான சக்தி மற்றொன்றைத் தடுக்காது. இந்தியாவில் இன்று உலவுபவை ஓ, ஏ, ஆசியா 1 என்ற மூன்று. நம் ஊசியில் இம்மூன்றும் உண்டு. சி வகை இந்தியாவில் 1995-க்குப் பின் காணப்படவில்லை. வகைக்குள்ளேயே கிருமி சிறிது சிறிதாக மாறுவதால், நோய் கண்ட இடங்களில் மாதிரி எடுத்து, புவனேஸ்வரத்தில் உள்ள தேசிய ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எனவே நோய் கண்டால் மறைக்காமல் தகவல் சொல்வது நாட்டுக்கே செய்யும் உதவி.

4. மாட்டின் நலிவு. குடற்புழு நிறைந்த, தீனி குறைந்த மாட்டுக்கு எதிர்ப்புப் பொருள் செய்யத் தெம்பு இருக்காது.

5. ஒரே ஊசியோடு நின்றுவிடுதல். மேலே சொன்னதுதான்.

பால் கணக்கு

ஊசிக்குப் பின் 2, 3 நாள் பால் சிறிது குறைவது உண்மையே. அதை மறைக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் பசு என்று வைத்துக்கொள்வோம். ஊசிக்குப் பின் 3 நாள், நாளுக்கு 1 லிட்டர் குறைந்தால் நஷ்டம் 3 லிட்டர். ஆண்டுக்கு இரு சுற்றில் 6 லிட்டர். அதே பசுவுக்குக் கோமாரி வந்து, ஒரு மாதம் கறவை பாதியாக இறங்கினால் நஷ்டம் 120 லிட்டர். அதாவது ஒரு நோயின் நஷ்டம் 20 ஆண்டு ஊசியின் நஷ்டத்துக்குச் சமம். வைத்தியச் செலவு, கன்றின் சாவு, தள்ளிப்போகும் சினை, அந்த ஈற்றில் முன்போல் எழாத கறவை ஆகியவை இதில் சேரவில்லை.

ஒரு வீட்டு மாடு போதாது

இக்கிருமி எச்சில், மூச்சு, பால், சாணம் வழியாகப் பரவுகிறது. மேய்ப்பவர் செருப்பு, கறவைக்காரர் கை, பால் கேன், வைக்கோல் வண்டி எல்லாம் அதற்கு வாகனம். மேய்ச்சல் நிலம் சுருங்கிய நம் வட்டாரத்தில், பல வீட்டு மாடுகள் ஒரே ஏரிக்கரையிலும் ஒரே சாலை ஓரத்திலும் நெருங்கி மேய்கின்றன. ஒரு கொட்டிலில் புகுந்த நோய் மறுவாரம் தெருவெங்கும் வந்துவிடும்.

ஊரில் பெரும்பான்மை மாடுகளுக்குக் காவல் இருந்தால், கிருமி தாவிச் செல்ல அடுத்த மாடு கிடைக்காமல் அங்கேயே அடங்கும். ஊசி போட இயலாத இளங்கன்றும் அப்போது தப்பும். ஊசிக்கு ஒளித்து வைத்த ஒரு மாடு, சொந்தக்காரரை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கன்றையும் ஆபத்தில் வைக்கிறது.

2001-ம் ஆண்டு இங்கிலாந்தில் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று நோயை நிறுத்தினார்கள். நம்மால் அது இயலாது. நாம் விரும்பவும் மாட்டோம். கொல்லாமல் காக்க நமக்குள்ள வழி ஊசி ஒன்றே. மத்திய அரசு 2019-ல் 13,343 கோடி ரூபாய்ச் செலவில் கோமாரி, கன்று வீச்சு ஆகிய இரு நோய்களுக்கான தேசியத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் கோமாரியை ஒழிப்பது அதன் குறிக்கோள். காதில் 12 இலக்க எண்ணுள்ள வில்லை மாட்டுவது, எந்த மாட்டுக்கு எப்போது ஊசி போடப்பட்டது என்ற கணக்குக்காகவே.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

* கன்றுக்கு 4-வது மாதத்தில் முதல் ஊசி. ஒரு மாதம் கழித்து இரண்டாவது. பின்னர் 6 மாதத்துக்கு ஒருமுறை. தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கவும்.

* ஊசிக்கு இரண்டு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுக்கவும்.

* காலை அல்லது மாலை வெயில் தாழ்ந்த வேளையில் போட்டுக்கொள்ளவும். மாட்டை ஓட்டி வந்து, இளைப்பாறவிட்ட பின் நிறுத்தவும்.

* மருந்து ஐஸ் பெட்டியில் வருகிறதா, மாட்டுக்கு மாடு ஊசி மாற்றப்படுகிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

* காய்ச்சலோ வேறு நோயோ உள்ள மாட்டையும், ஈனும் தறுவாயில் உள்ள மாட்டையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லவும். அதற்குத் தனியே நாள் குறிப்பார்.

* ஊசி போட்டபின் அரை மணி நேரம் மாட்டைக் கண்காணிக்கவும். மூச்சுத் திணறல், முகவீக்கம் மிக அரிது. கண்டால் உடனே டாக்டரை அழைக்கவும்.

* இரண்டு நாள் வண்டி, ஏர் பூட்ட வேண்டாம். நிழலும் நல்ல தண்ணீரும் கொடுக்கவும்.

* சந்தையில் வாங்கிய மாட்டை 21 நாள் தனியே கட்டவும். அதற்கு எப்போது ஊசி போட்டது என்று கேட்டு வாங்கவும்.

நோய் வந்துவிட்டால்

நோயுற்ற மாட்டைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவமனைக்கோ 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கோ தகவல் தரவும். நோயுற்ற தாயிடம் கன்றை ஊட்ட விட வேண்டாம். வாய்ப்புண்ணை இளஞ்சிவப்பு நிறத்தில் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரால் கழுவலாம். கஞ்சி, பசும்புல் போன்ற மிருதுவான தீனி கொடுக்கவும். குளம்புப் புண்ணில் ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளவும். லிட்டருக்கு 40 கிராம் வீதம் சலவைச் சோடாவைக் கரைத்துக் கொட்டில் தரையைக் கழுவவும். பாட்டி வைத்தியம் புண் ஆற உதவலாம். ஆனால் அது பக்கத்து மாட்டுக்கு நோய் பரவுவதைத் தடுக்காது.

நோயுற்ற மாட்டுக்கு அப்போது ஊசி போட்டுப் பயனில்லை. சுற்று வட்டாரத்தில் நோய் வராத மாடுகளுக்கு, வெளி வட்டத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போட்டு வருவதே முறை.

சில ஐயங்கள்

ஊசியால் சினை கலையுமா? 

கொன்ற கிருமி சினையைக் கலைக்காது. முரட்டுத்தனமாகத் தள்ளிக் கட்டுவதால் தீங்கு நேரலாம். கோமாரிக் காய்ச்சலால் சினை கலைவது உண்டு.

ஊசி போட்ட மாட்டின் பாலை விற்கலாமா? 

தாராளமாக விற்கலாம், வழக்கம்போல் காய்ச்சிக் குடிக்கலாம்.

ஆட்டுக்கும் பன்றிக்கும் தேவையா? 

தேவை. ஆட்டுக்கு நோய் வெளியே தெரியாமல் இருந்து மாட்டுக்குப் பரவும். நோயுற்ற பன்றி மூச்சு வழியே மிகுதியான கிருமியை வெளிவிடும்.

ஒருமுறை கோமாரி வந்த மாட்டுக்கு ஊசி வேண்டுமா? 

வேண்டும். வந்தது ஒரு வகையாக இருக்கும்; மற்ற இரு வகைகள் பாக்கி இருக்கின்றன.

பாடத்தின் சாரம் இதுதான். ஊசியில் உள்ள கிருமி கொல்லப்பட்டது. ஆகவே அது நோயைத் தராது. கொல்லப்பட்டது என்பதாலேயே அதன் காவல் 6 மாதத்துக்கு மேல் நிற்காது. முதல் உண்மையை அறிந்தவர் ஊசிக்கு அஞ்சமாட்டார். இரண்டாவது உண்மையை அறிந்தவர் ஒரு சுற்றையும் தவறவிட மாட்டார். அடுத்த முறை உங்கள் ஊருக்கு ஐஸ் பெட்டி வரும் நாளை இப்போதே கால்நடை மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.